சம்மதம் கேட்காதவர்

அவர் யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்தவரில்லை. நல்லது செய்தாலும் அப்படித்தான். செய்துவிட்டுப் போய்விடுவார். நமக்குத் தெரியும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

அருள்புரத்தில் பல்லடம் ரோட்டை ஒட்டி இருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் அப்போது மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கும் எங்கள் தையல் தளத்துக்கும் நடுவில் நின்று சாம்பிள் அனுப்புவது, விலை பேசுவது, சரக்கு தாமதமானால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் வேலை. அவர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். முதலாளியில் தொடங்கி டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அவரை ‘சிஸ்டம் மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்ததே சம்பள நாளில்தான் ஞாபகத்துக்கு வரும்.

முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து ஊர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. முன்பு பட்டனும் ஜிப்பும் வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். சர்வர் அங்கே இருந்ததால் ஏ.சி. போட்டிருந்தார்கள். முதலாளி அறையை விட்டால் கம்பெனியில் ஏ.சி. இருந்தது அங்கேதான். குளிருக்காக, எழுத்து தலைகீழாக அச்சாகிக் கழித்துவிட்ட ஆண்கள் ஸ்வெட் ஷர்ட் ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே வரும்போது அதைக் கழற்ற மறந்துவிடுவார். சித்திரை வெயிலில் அந்தக் கோலத்தில் அவர் கேன்டீனுக்கு நடந்து போவதைப் பார்த்துத் தையல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளமாட்டார்.

அவர் கணவர் மஸ்கட்டில் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அப்படி ஒருவரே இல்லை என்று சிலர் சொன்னார்கள். செல்போன் அடித்தால் எடுத்துக் காதில் வைத்து ‘ம்’, ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பேசியது யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கு ஒருபோதும் தெரியாது.

அவர் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலையில் என் நாற்காலி மாறியிருந்தது. பழைய பிளாஸ்டிக் நாற்காலி போய், முதுகுக்கு மெத்தை வைத்த சுழல் நாற்காலி வந்திருந்தது. விசாரித்துப் பார்த்தபோது, விருந்தினர் அறையில் சும்மா கிடந்ததை சிஸ்டம் மேடம் உருட்டிக்கொண்டு வந்து போட்டதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லப் போனேன். “அங்கன சும்மா கெடந்துச்சு” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவுதான்.

எனக்கு இடுப்புவலி இருந்தது உண்மை. ஆனால் ஆபீஸில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால், குழந்தை பிறந்த பிறகு இவளுக்கு வேலை ஓடவில்லை என்று பேசுவார்கள் என்று பயந்து மறைத்து வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் இருந்த என் தங்கைக்கு மட்டும், அதற்கு முந்தின வாரம், ஒரு மெயிலில் எழுதியிருந்தேன். அன்று முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது முதுகுக்குச் சுகமாகத்தான் இருந்தது. மனதுக்கு இல்லை. நான் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதை அவர் பார்த்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தங்கைக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அவர் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏதாவது புதிதாகப் போட வேண்டுமென்றால் கடையிலிருந்து ஓர் ஆள் சி.டி.யுடன் வருவார். ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டிருப்பார். அவர் நம் மேஜைக்கு வந்துவிட்டால் நமக்குக் கொஞ்ச நேரம் விடுதலை. டீ குடித்துவிட்டு வரலாம். ஆபீஸ், கட்டிங், பேக்கிங் என்று சுற்றி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

நூல் வாங்குவதிலிருந்து பெட்டி ஏற்றுவது வரை ஓர் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று காட்டும் புது சாஃப்ட்வேர் ஒன்றை முதலாளி வாங்கினார். எல்லோருக்கும் அது வேண்டும். சி.டி. ஆள் வருவார் என்று காத்திருந்தோம். ஒரு நாள் காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், எல்லோர் திரையிலும் அந்த சாஃப்ட்வேரின் படம் வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் எங்கள் மேஜைக்கு வரவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த தூசி படிந்த டப்பா மானிட்டரில்கூட அது இருந்தது.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மத்தியானம் அவர் அறைக்குப் போய் எப்படி என்று கேட்டேன். அவருக்குத் தொழில் பேச்சு என்றால் கொஞ்சம் வாய் திறக்கும். சாஃப்ட்வேரை சர்வரில் வைத்துவிட்டதாகவும், அது கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துவிட்டதாகவும் சொன்னார். காலையில் நாங்கள் மெஷினைப் போட்டு உள்ளே நுழைந்ததும் அது சர்வரிலிருந்து தானாக இறங்கிக்கொள்ளும். ஒரு சத்தம் இருக்காது, திரையில் கேள்வி கேட்டு ஒரு பெட்டி திறக்காது.

“ஒப்பந்தத்துக்குச் சம்மதமான்னு ஒண்ணு கேக்குமுங்களே, அதுக்கு?” என்றேன்.

“அதுக்கும் நாந்தான் சம்மதம்னு எழுதிட்டேன். எல்லாருக்குமாச் சேத்து.”

எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன், விளையாட்டாகத்தான். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “கேட்டா ஆளுக்கொரு யோசனை சொல்லுவாவ. செஞ்சிட்டா, இருந்துட்டுப் போட்டும்னு விட்டுருவாவ” என்றார்.

அன்றிலிருந்து ஆபீஸில் பேச்சு மாறியது. வெளியே இருந்து ஒன்றை உள்ளே போட முடிகிறவருக்கு, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று யாரோ கேட்டார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த பெரியவர் சாப்பாட்டு நேரத்தில் மானிட்டரின் மேல் துண்டைப் போட்டு மூட ஆரம்பித்தார். அதில் கேமரா எதுவும் கிடையாது என்று எடுத்துச் சொன்னோம். “இருக்கட்டுங்க. இல்லாட்டி நல்லதுதானுங்க” என்று சொல்லிவிட்டுத் துண்டை இன்னும் நன்றாக இழுத்துவிட்டார். கம்ப்யூட்டர் அவரை எது கேட்டாலும் ‘நோ’ என்று அமுக்குவது அவர் வழக்கம். புரியாததுக்கு ஆமாம் சொல்லி எதுக்கு மாட்டிக்கொள்வது என்பார்.

பெண்கள் சாப்பிடும் அறையிலும் இதே பேச்சுதான். எங்களில் பாதிப்பேர் நெசவுக் குடும்பத்தார், முருகனைக் கும்பிடுகிறவர்கள். கிருத்திகை அன்று கவுச்சி வாசனை ஆகாது. சிஸ்டம் மேடத்தின் டப்பாவில் பெரும்பாலும் கருவாடு இருக்கும். ஆனால் கிருத்திகை அன்று மட்டும் அவர் எங்களோடு உட்காராமல் தன் அறையிலேயே சாப்பிட்டுக்கொள்வார். யாரும் அவரிடம் சொன்னதில்லை. மரியாதை தெரிந்தவர் என்று அதைப் பாராட்டியிருக்க வேண்டும். நாங்களோ, நமக்கு என்றைக்குக் கிருத்திகை என்று இவருக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டோம்.

அந்த அறையில் அப்படிக் கேட்டவர்களில் கலைவாணியும் ஒருத்தி. ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் டாகுமெண்டேஷன் பிரிவில் இருந்தாள். இருபத்திரண்டு வயது. சாமளாபுரத்துப் பெண். அப்பா சொந்தமாக விசைத்தறி வைத்திருந்தார், முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். ‘நம்ம புள்ள, நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்’ என்று முதலாளியே கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். முன்பு எங்கள் கம்பெனியில் துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்து பெங்களூருக்குப் போய்விட்ட ஒரு பையனோடு அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் எழுதிக்கொள்வது எனக்குத் தெரியும். அவன் திருநெல்வேலிப் பக்கம். வேறு ஜாதி, வேறு சாமி. அவள் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும் என்பதால் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் சாம்பிள் விவகாரம் வந்தது. குழந்தைகளுக்கான இரவு உடை ஒன்றுக்கு நாங்கள் புதிதாக ஒரு யானைக்குட்டி எம்பிராய்டரி செய்திருந்தோம். ஊருக்கு வந்த பையர், எங்களிடம் வருவதற்கு முன்னால் இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கிறார். அங்கே அதே யானைக்குட்டி, எங்களைவிடக் குறைந்த விலையில். முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாக நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையே நிறுத்திக்கொண்டோம். பின்பு எல்லோருமாகச் சேர்ந்து, இது சிஸ்டம் மேடத்தின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தோம். சாம்பிள் படங்களெல்லாம் அவர் சர்வரில்தானே இருக்கின்றன?

சில நாள் கழித்து ஒரு காலை, கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை நடுவில் ஒரு பெட்டி திறந்தது. நீளமாக ஆங்கிலத்தில் ஏதோ. கீழே சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு பட்டன்கள். எனக்கு அன்று ஜெர்மனிக்கு சாம்பிள் போக வேண்டியிருந்தது. கூரியர் பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சம்மதம் என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கலைவாணியை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏற்றுமதிக் காகிதத்தில் ஏதோ தவறு என்று நினைத்து அவள் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. அவள் அப்பாவின் செருப்பு அது.

கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. திறந்தபோது அவள் அப்பா முன்னால் வந்தார், அவள் பின்னால் வந்தாள். மேஜைக்கு வந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று முதலாளி சொன்னார். ஆனால் உள்ளே நடந்ததை அவரே அக்கவுண்ட்ஸ் பெரியவரிடம் சொல்லியிருந்ததால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து அப்பாவின் முன்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய திரையிலும் என்ன ஓடுகிறது என்பதை அப்படி அப்படியே படம் பிடித்து முதலாளிக்குக் காட்டும் ஒன்றைக் கம்ப்யூட்டர்களில் போட்டிருக்கிறார்களாம்.

கோபத்தில் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். நேராக அந்தக் குளிர் அறைக்குப் போனேன். அவர் அந்தத் தலைகீழ் எழுத்துச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க ஸ்கிரீனையெல்லாம் முதலாளி பாக்கறாருங்களா?”

“ஆமா, பாக்காவ.”

“அதைப் போட்டது நீங்கதானுங்களா?”

“நாந்தான்.”

“எங்களைக் கேக்காமயே?”

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். “கேட்டேன்” என்றார். “போன மாசம் காலையில ஒரு பெட்டி வந்துச்சுல்லா. சம்மதமா, சம்மதமில்லையான்னு. எல்லாரும் சம்மதம்னு அமுக்குனிய.”

பக்கம் பக்கமாக இங்கிலீஷில் வந்தால் வேலை நேரத்தில் யார் படிப்பார்கள் என்றேன்.

“மொத வரியில இருந்துச்சு. இந்த மெஷின்ல செய்யுததெல்லாம் முதலாளி பாப்பாவன்னு.” அக்கவுண்ட்ஸ் பக்கம் கையைக் காட்டினார். “கணக்கு ஐயா மட்டும் சம்மதமில்லன்னுட்டாவ. அவிய மெஷின்ல அது போகல. தெனமும் கேக்குது, தெனமும் வேண்டாங்காவ.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “முதலாளி சத்தமில்லாமப் போடத்தான் சொன்னாவ. இது மட்டும் அப்பிடிப் போகாதுன்னு சொல்லிட்டேன்.”

“நெசமாவே போகாதுங்களா?”

“போகும்.”

வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாளே என்றேன். வாயால் சொன்னால் சொன்னது யார் என்று தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

இருக்கைக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். எங்களை எச்சரிக்கத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தாரா, அல்லது நாளைக்குப் பிரச்சினை வந்தால் ‘நான் கேட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி செய்துகொண்டாரா? யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? எங்கள் எல்லோரையும்விட அவருக்கல்லவா அது நன்றாகத் தெரியும்? வாயால் சொல்லப் பயந்தவர் என்ற நினைப்புதான் எனக்குக் கடைசியில் மிஞ்சியது. அவரோடு பேசுவதை விட்டுவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்காலியின் முதுகில் அந்த ஸ்வெட் ஷர்ட் மட்டும் தொங்கியது. புதிதாக வந்த சிஸ்டம் ஆள் மெஷின்களையெல்லாம் பார்த்துவிட்டு, முதலாளி சொன்ன மாதிரி படம் பிடிக்கும் சாஃப்ட்வேர் எதிலும் இல்லையே என்றார். வந்த மாதிரியே அது எல்லா மெஷினிலிருந்தும் போயிருந்தது. பிடித்து வைத்திருந்த படங்களும் சர்வரில் இல்லை. முதலாளி ஆடிப்போனார். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள், எந்தக் கம்பெனியில் கொடுத்தாளோ என்று புலம்பினார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

யானைக்குட்டி வெளியே போன வழி அடுத்த சீசனில் தெரிந்தது. எங்கள் எம்பிராய்டரியை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்வோம். மற்றக் கம்பெனிகளும் அங்கேதான் கொடுத்தன. பட்டறைக்காரர் தான் செய்த நல்ல வேலைகளையெல்லாம் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். முதலாளி ஏதோ வேலையாக அங்கே போனபோது எங்கள் யானைக்குட்டி வாசலைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அதைப் பற்றி எங்களிடம் சொன்னவர், சிஸ்டம் மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நானும் பிறகு அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். சில வருடம் கழித்து, என் மகன் பள்ளியில் விளையாட்டு விழாவுக்குப் பனியன் வாங்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு மொத்த வியாபாரக் கடையில் பண்டலை அவிழ்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “அக்கா” என்றாள். கலைவாணி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கடை அவள் கணவருடையது. அவர் வசூலுக்குப் போயிருந்தார். எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள், டீ சொன்னாள். கணவர் நல்ல மாதிரி என்றாள், கேட்காமலே. இரண்டு பெண் குழந்தைகள்.

நான் சிஸ்டம் மேடத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அவர் மட்டும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்றேன்.

“சொன்னாங்கக்கா” என்றாள்.

அந்தப் பெட்டி வந்த வாரத்திலேயே அவர் அவள் மேஜைக்கு வந்திருக்கிறார். மவுஸ் வயரைச் சரிபார்க்கிறவர் மாதிரி குனிந்து, “பிள்ள, இனிமே இதுல ஒண்ணும் எழுதாண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் பயந்துபோய் யோசித்திருக்கிறாள்: நான் எழுதுவது இவருக்கு எப்படித் தெரியும்? படிக்கிறார். முதலாளி அனுப்பித்தான் வந்து நூல் விட்டுப் பார்க்கிறார். எழுதவில்லை என்று நிறுத்தினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே அந்தப் பையனுக்கு எழுதியிருக்கிறாள்: இங்கே சிஸ்டம் மேடம் வந்து எழுதாதே என்று மிரட்டினார், அவர் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, கவனமாக இரு.

“முதலாளி ரூமுல எங்கப்பா முன்னாடி அடுக்கி வெச்சிருந்த பேப்பர்ல அதுதானுங்கக்கா மேல இருந்துச்சு. அதைத்தான் முதலாளி மொதல்ல சத்தமாப் படிச்சாரு. படிச்சுட்டு, ‘அப்ப அந்தப் பொம்பள உனக்குச் சொல்லிக்குடுத்திருக்கா’ன்னாரு. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.”

அவர் தானாக வேலையை விட்டுப் போகவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் புரிந்தது. புது ஆள் கிடைக்கட்டும் என்று மாதக் கடைசி வரை வைத்துக்கொண்டு, வெளியே சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. அவளை வீட்டில் பூட்டி வைத்திருந்த சமயம், அந்தப் பையன் சாமளாபுரத்துக்கு வந்து அவள் அப்பாவிடம் நேரில் பேசிவிடுவது என்று முடிவு செய்து, வருவதாக அவளுக்கு ஒரு மெயில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். அவள் அண்ணன்கள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறப் போகும்போது அவனுக்கு ஒரு போன். பெண் குரல். பெயர் சொல்லவில்லை. வராதீர்கள், வந்தால் திரும்பிப் போகமாட்டீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறது. அந்தப் பேச்சு தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சாக இருந்ததால் அவன் நம்பிவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டு போனில் அவனோடு பேச முடிந்தபோது இதை அவன் சொல்லியிருக்கிறான். இப்போது பெங்களூரிலேயே இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது என்றாள்.

“அவன் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு எழுதுன மெயில்ல இருந்துச்சுங்கக்கா. வேற எங்கயும் இல்ல.”

அப்படியானால் அவர் படித்திருக்கிறார். நாங்கள் சந்தேகப்பட்டது பொய்யில்லை. முதலாளிக்காகப் படித்தாரோ, தனக்காகவே படித்தாரோ, எங்கள் எல்லோருடையதையும் படித்திருக்கிறார். அவள் ஒரு பண்டலை எடுத்துச் சணல் கயிற்றால் கட்ட ஆரம்பித்தாள்.

“அக்கா, அவங்களை எங்கயாச்சும் பாத்தீங்கன்னா ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்” என்றாள் கட்டிக்கொண்டே. “அவங்க வேலை போனது என்னாலதான்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. தெரியலீன்னா நீங்களே சொல்லீருங்க.”

“தெரிஞ்சுதான் இருக்கும் கலைவாணி. மத்த மெயிலைப் படிச்சவங்க, நீ அவங்களைச் சந்தேகப்பட்டு எழுதுன மெயிலைப் படிக்காமயா இருந்திருப்பாங்க?”

அவள் கை நின்றது.

“அதைப் படிச்சதுக்கப்பறந்தான் அவனுக்குப் போன் பண்ணியிருக்காங்க” என்றேன்.

கடைக்கு வெளியே வடக்கத்தி வியாபாரி ஒருவர் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தியில் விலை கேட்டார். மறுபடியும் கேட்டார். கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.